விளக்கைப் போட்டால் பீஸ் போவது ஏன்?

கூடத்து மேல் விளக்கின் சுவிட்சைத் தட்டியதும் ‘பட்’டென்று ஒரு சத்தம், பாதி வீடு இருட்டு. பீஸ் கட்டையை உருவிப் புதுக் கம்பி கட்டினால் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மறுபடியும் போகும். கோயம்புத்தூரிலோ அதைச் சுற்றிய ஊர்களிலோ இதற்குக் காரணம் கேட்டால் விடை சொல்லாதவர் அரிது. ஒயர்மேன் கூரைக்குள் ஒயர் கெட்டுவிட்டது என்பார். மோட்டார் வைண்டிங் பட்டறைக்காரர், “கம்பி சன்னமுங், இன்னொரு இழை சேர்த்துக் கட்டுங்” என்பார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல்பு மட்டம். வீட்டுப் பெரியவருக்கோ, லைனில் கரண்ட் ஏறி இறங்குவதுதான் குறை.

நான்கும் வெறும் வாய்வார்த்தைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொழிலின் அனுபவமும், ஒரு காலத்தின் கம்பியும் பல்பும் இருக்கின்றன. எந்த விடை எந்தச் சூழலில் பிறந்தது, எதுவரை செல்லும், எங்கே தவறும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் கணக்கு

230 வோல்ட்டில் 60 வாட் குண்டு பல்பு இழுப்பது ஏறக்குறைய 0.26 ஆம்பியர். 9 வாட் எல்.இ.டி. பல்பு 0.1 ஆம்பியரைக்கூடத் தொடுவதில்லை. விளக்குச் சர்க்யூட்டுக்கு வழக்கமாகக் கட்டும் 5 ஆம்பியர் பீஸ் கம்பி, அதாவது ஈயம் பூசிய 35 கேஜ் செம்புக் கம்பி, சுமார் 8 ஆம்பியரில்தான் உருகும். அந்த அளவை எட்ட 60 வாட் பல்புகள் முப்பது ஒரே நேரத்தில் எரிய வேண்டும். ஆகவே ஒரே ஒரு மேல் விளக்கு ‘லோடு ஜாஸ்தி’யாகிப் பீஸைப் போக்கியது என்ற பேச்சு கணக்கில் நிற்காது.

ஆனால் விளக்கு தனியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் கூடத்து விளக்கு, மின்விசிறி, சுவிட்ச் போர்டில் உள்ள 5 ஆம்பியர் பிளக் எல்லாம் ஒரே பீஸில் தொங்கும். அந்தப் பிளக்கில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் 4.3 ஆம்பியர். அதே சமயம், அதே பீஸில் இணைந்த சமையலறையில் கிரைண்டர் சுற்றத் தொடங்கினால் அதன் தொடக்க இழுப்பும் சேரும். பீஸ் போவதற்கு இந்தக் கூட்டணி போதும். கண்ணுக்குத் தெரிய அணைந்தது விளக்கு என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. ஒரு விளக்குச் சர்க்யூட்டில் பத்துப் பாயிண்டுக்கு மேல் கூடாது, மொத்தம் 800 வாட்டைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயத்தின் ஒயரிங் விதித்தொகுப்பு வரையறுத்தது இதற்காகத்தான். வீட்டில் நடப்பதோ வேறு: ஒரு அறை கூடுதலாகக் கட்டும்போது அதன் விளக்கையும் பிளக்கையும் அருகில் கிடைக்கும் போர்டிலிருந்தே இழுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டணியைக் கழித்த பிறகும், வேறெதுவும் ஓடாத நள்ளிரவில் விளக்கைப் போட்டதும் பீஸ் போகிறது என்றால், அங்கே இருப்பது சுமை அல்ல, பழுது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நான்கு விடைகளையும் எடைபோடுவது எளிது.

மோட்டார் ஷெட் கற்றுத்தந்த விடை

மின்சாரப் பாதையில் வேண்டுமென்றே ஒரு மெலிந்த கம்பியை வைப்பது வீட்டு மின்விளக்கை விடப் பழைய யோசனை. தந்திக் கம்பிகளில் இடி இறங்கிக் கருவிகள் எரியாமலிருக்க, பிரான்சின் லூயி பிரெகே 1847-இலேயே மெல்லிய கம்பியை இடையில் இணைக்கச் சொன்னார். வீட்டு விளக்கை வணிகமாக்கிய எடிசன் 1880-இல் உருகு கம்பிக்குக் காப்புரிமை கோரினார். 1880-களில் பிரிட்டனின் வில்லியம் பிரீஸ், கம்பியின் குறுக்களவுக்கும் அது உருகும் ஆம்பியருக்கும் உள்ள உறவைச் சோதித்துச் சூத்திரமாக்கினார். செம்புக் கம்பியின் குறுக்களவு இருமடங்கானால் உருகும் ஆம்பியர் ஏறக்குறைய 2.8 மடங்காகும் என்பது அதிலிருந்து கிடைக்கும் கணக்கு. அதாவது கம்பி கொஞ்சம் தடித்தாலே பாதுகாப்பு வெகுதூரம் விலகிப்போகிறது.

கொங்கு நாட்டுக்குப் பெருமளவில் மின்சாரம் வந்தது நீலகிரியின் பைக்காராவிலிருந்து. 1932-இல் உற்பத்தி தொடங்கிய அந்த நீர்மின் திட்டம், கோவை வட்டாரத்தின் பஞ்சாலைகளை வளர்த்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று அது குறிப்பிடப்படுகிறது. பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஷெட், ஊருக்கு ஊர் வைண்டிங் பட்டறை. இந்த மண்ணில் மின்சாரத்தைக் கையால் தொட்டுப் பழகிய முதல் தலைமுறைகள் பலவும் விளக்கை விட மோட்டாரிடமே பாடம் படித்தன.

மோட்டாரிடம் படித்த பாடம் என்ன? 5 ஹெச்.பி. மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல ஆறேழு மடங்கு ஆம்பியரைச் சில நொடிகள் இழுக்கும். 7, 8 ஆம்பியரில் ஓடும் மோட்டார் கிளம்பும் கணத்தில் 45, 50 ஆம்பியர் வரை போகும். ஓடும் ஆம்பியருக்குச் சரியாகப் பீஸ் கட்டினால் ஒவ்வொரு முறை பச்சைப் பொத்தானை அமுக்கும்போதும் அது போகும். எனவே அங்கே தடித்த கம்பி கட்டுவது சோம்பேறித்தனம் இல்லை, முறையான செயல். மோட்டாரைச் சுமையிலிருந்து காக்க ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே தனியாக இருக்கிறது. பீஸுக்கு ஷார்ட் சர்க்யூட்டை அறுக்கும் வேலை மட்டும்தான்.

வீட்டு விளக்குச் சர்க்யூட்டில் அந்த ரிலே கிடையாது. பீஸ் ஒன்றுதான் காவல். அங்கே ‘இன்னொரு இழை’ சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை பிரீஸின் கணக்கே சொல்லும். கையில் கிடைத்த மல்ட்டி ஸ்ட்ராண்ட் ஒயரிலிருந்து உருவிய 0.3 மில்லிமீட்டர் இழை ஒன்று 13 ஆம்பியர் அளவில்தான் உருகும். இரண்டு இழை கட்டினால் 25-ஐ நெருங்கும். பழைய வீடுகளில் விளக்குக்கு இழுத்த 1/18 செம்பு ஒயர் பைப்புக்குள் தொடர்ந்து தாங்குவது 10 முதல் 15 ஆம்பியர். கம்பி உருகுவதற்கு முன் ஒயரின் மேலுறை கருகத் தொடங்கும். தவிர, ஷார்ட் ஆகும்போது விளக்கின் பீஸ் கட்டைக்குப் பதிலாக மெயின் பீஸ் போய் முழு வீடும் இருளும். அதையும் தடித்துக் கட்டினால் பழுது போஸ்ட்டு வரை ஏறும்.

இந்த விடைக்கும் ஒரு நியாயம் உண்டு. பீஸ் கம்பி காலப்போக்கில் தானே நலியும். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் அதன் மேல்பரப்பு ஆக்ஸிஜனேற்றமடைந்து மெலியும். ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினால் கம்பி நசுங்கி அந்த இடத்தில் சன்னமாகும். தளர்வாக விட்டால் முனை சூடேறும். இப்படி வயதான அல்லது நசுங்கிய கம்பி, பழுது ஏதும் இல்லாமலே போகலாம். ஆனால் அப்படிப் போகும் பீஸ் அதே 35 கேஜில் சரியாகக் கட்டியதும் நின்றுவிடும். திரும்பத் திரும்பப் போகிறது என்ற கேள்விக்கு இது விடையாகாது. என் கணிப்பில், கொங்குப் பகுதியில் இந்தக் கேள்வி தீராமல் நீள்வதற்குப் பெருங்காரணம், மோட்டாருக்கு உண்மையான விடை விளக்குக்கும் உண்மை என்று கொண்டதே. தடித்த கம்பி பழுதை நீக்குவதில்லை. பழுது இருப்பதற்கான ஒரே தடயத்தை அழிக்கிறது.

பல்பின் மேல் குற்றம்

‘பல்பு மட்டம்’ என்ற விடையைப் படித்த எலக்ட்ரீஷியன்கள் சிலர் சிரித்துத் தள்ளுவதுண்டு. அவ்வளவு எளிதாகத் தள்ளக் கூடாது. குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் வயதான பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைத் தட்டும் கணத்தில் உயிரை விடுகின்றன. அது மட்டும் பீஸைப் போக்காது. 60 வாட் பல்பின் குளிர்த் தொடக்கம் மூன்று, நான்கு ஆம்பியரில் சில மில்லி நொடிகள்தான்.

ஆபத்து அடுத்த கணத்தில் வருகிறது. இழை அறும் இடத்தில் ஒரு தீப்பொறி கிளம்புகிறது. பல்புக்குள் அடைத்த ஆர்கான்–நைட்ரஜன் வாயு வழியே அந்தப் பொறி வளர்ந்து, இழையை விட்டு, அதைத் தாங்கும் இரு தடித்த கம்பிகளுக்கு இடையே நேரடியாகப் பாயலாம். அப்போது மின்னோட்டத்தைத் தடுக்க இழை இல்லை. அது பல பத்து ஆம்பியர்களைத் தாண்டலாம். தரமான பல்பு தயாரிப்பாளர்கள் பல்பின் அடித்தண்டுக்குள்ளேயே மெல்லிய உருகு கம்பி ஒன்றை வைத்தது இந்தக் கணத்துக்காக. செலவைக் குறைக்க அதை விட்டுவிட்ட பல்பு, சாகும்போது வீட்டுப் பீஸையும் கூட்டிக்கொண்டு போகும். ‘மட்டமான பல்பு’ என்ற பழைய சொல்லுக்கு இப்படி ஓர் இயற்பியல் அடிப்படை இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் இந்தப் பொறியின் வேகம் கூடுதலாகவும், லைனின் கடைசியில் உள்ள தோட்டத்து வீட்டில் குறைவாகவும் இருக்கும் என எதிர்பார்க்கலாம். நீண்ட லைனின் மின்தடையே அங்கே ஒரு கடிவாளம். ஒரே வகைப் பல்பைப் பற்றி டவுனில் உள்ளவரும் தோட்டத்தில் உள்ளவரும் வெவ்வேறாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இந்த விடையின் எல்லை தெளிவானது. பல்பு செத்தால் பீஸ் ஒருமுறை போகும். புதுப் பல்பு மாட்டிய பிறகும் போனால் பல்பு நிரபராதி. 2015-இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்புகளை மலிவாகப் பரப்பிய பின் குண்டு பல்பு வீடுகளிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதனுடன் இந்த விடையின் வீச்சும் சுருங்கியது. ஆனால் எல்.இ.டி.யும் முற்றிலும் அப்பாவி இல்லை. அதன் டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், சுவிட்ச் போட்ட கணத்தில் ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரம் பெரும் இழுப்பைத் தரும். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரே சுவிட்சில் பன்னிரண்டு விளக்கு வைத்த வீட்டில் அந்த இழுப்புகள் ஒன்றுசேரும். மின்னழுத்தம் எகிறும்போது தன்னைப் பலியிடும் பாதுகாப்பு உறுப்பு டிரைவருக்குள் ஷார்ட் ஆகிவிட்டால், அந்த விளக்கு மாட்டியிருக்கும்வரை பீஸ் நிற்காது.

கூரைக்குள் தேடுவோர்

ஒயர்மேன்களின் விடை இது. ஆதாரமும் இதற்குத்தான் அதிகம். ஆனால் கூரைக்குள் என்றால் எந்தக் கூரை?

ஓட்டுவில்லை வேய்ந்த தொட்டிக்கட்டு வீடுகளில் மின்சாரம் வந்தபோது, தேக்குச் சட்டத்தின் மேல் ரப்பர் உறையிட்ட ஒயரைத் தகரக் கிளிப்பால் பிடித்து ஓட்டினார்கள். அல்லது மரக் கேசிங்குக்குள் மறைத்தார்கள். அந்த ரப்பர் காய்ந்து, தொட்டால் உதிரும். மரத்தைக் கரையான் தின்னும். ஓட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே எலி ஓடும். எலி கடித்த ஒயரில் இரு செம்பும் எதிரெதிரே நிற்கும். காற்றோ அதிர்வோ அவற்றைச் சேர்த்துவைக்கும் நாளில் பீஸ் போகும். ஓடு உடைந்து சாரல் விழும் இடத்தில் சீலிங் ரோஸுக்குள் ஈரம் சேரும். பல்லி புகுந்து இரு முனைகளுக்கும் பாலமாகிக் கருகுவதும் நடப்பதுதான். அப்போது பழுதும் சடலமும் ஒரே இடத்தில் கிடைக்கும், தேட வேண்டியதில்லை.

கான்கிரீட் வீட்டில் கதை வேறு. ஒயர் தளத்துக்குள் புதைத்த பைப்பில் ஓடுகிறது. மொட்டைமாடியில் வெடிப்பு விட்டால், கோவைக்குப் பெருமழை தரும் ஐப்பசி, கார்த்திகையில் நீர் கசிந்து பைப்பில் இறங்கி, மிகத் தாழ்வான புள்ளியில், பெரும்பாலும் மேல் விளக்கின் ஜங்ஷன் பெட்டியில், தேங்கும். நல்ல உறை உள்ள ஒயர் நீரில் கிடந்தும் பிழைக்கும். பெட்டிக்குள் டேப் சுற்றிய இணைப்பு பிழைக்காது. செம்பு அரிதாக இருந்த காலத்தில் பல வீடுகளுக்கு அலுமினிய ஒயர் இழுத்தார்கள். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து, இணைப்பு தளர்ந்து, சூடேறும். தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டாது, குறைக்கும். ஆகவே அதுவே பீஸைப் போக்காது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அங்கே எழும் சூடு பக்கத்து ஒயரின் உறையைக் கரியாக்கும், கரி மின்சாரத்தைக் கடத்தும். லூஸ் கனெக்‌ஷன் பீஸைப் போக்குமா என்று எலக்ட்ரீஷியன்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவதற்குக் காரணம், ஒரு கட்சி முதல் நாளையும் மறு கட்சி கடைசி நாளையும் பார்ப்பதுதான்.

விளக்கே தன் ஒயரைச் சுடுவதும் உண்டு. பி.வி.சி. உறையின் தாங்குவெப்பம் 70 டிகிரி. மூடிய கண்ணாடிக் கவருக்குள் 100 வாட் குண்டு பல்பு எரிந்த ஆண்டுகளில் ஹோல்டருக்கு மேலே உள்ள ஒரு சாண் ஒயர் வெந்து முறுகியிருக்கும். இன்று அங்கே குளிர்ந்த எல்.இ.டி. இருக்கிறது, வெந்த ஒயர் அப்படியே இருக்கிறது. ஹோல்டருக்குள் இரு ஸ்பிரிங் முனைகளுக்கு நடுவே பேக்கலைட்டின் மேல் ஒரு கரிக்கோடு படிந்திருந்தால் அதுவே ஷார்ட்டுக்குப் பாதை.

இவற்றோடு, ஒயர் கெடாமலே கூரைக்குள் நேரும் பழுது ஒன்றுண்டு: தவறான இணைப்பு. மாடிப்படி விளக்குக்குக் கீழும் மேலும் சுவிட்ச் வைக்கும் ஒயரிங்கில், ஃபேஸையும் நியூட்ரலையும் சுவிட்சுக்கே கொண்டுபோகும் குறுக்குவழி ஒன்று சில இடங்களில் வழங்கியது. அதில் சுவிட்ச் பழுதாகி இரு முனைகளும் சேர்ந்தால் நேரடி ஷார்ட். கோவையை 2008 முதல் சில ஆண்டுகள் வாட்டிய மின்வெட்டு இன்னொரு வகையைச் சேர்த்தது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. பழைய சர்க்யூட்டைப் பாதியில் அறுத்து, சில விளக்குகளை மட்டும் அதற்கு மாற்றினார்கள். எங்கோ ஒரு போர்டுக்குள் மின்வாரியத்தின் ஃபேஸும் இன்வெர்ட்டரின் ஃபேஸும் பிரியாமல் இருந்தால், ஒரு குறிப்பிட்ட விளக்கைப் போடும்போது மட்டும் இரு மூலங்களும் மோதும். வீட்டுக்காரர் பல்பை மாற்றுவார், ஹோல்டரை மாற்றுவார். பழுதோ வேறொரு அறையில் இருக்கும்.

கூரைக்குள் தேடும் கட்சியின் பலவீனம், அது எல்லாவற்றையும் விளக்கிவிடுவது. ‘ஒயரிங் போச்சு, முழுசா மாத்தணும்’ என்ற தீர்ப்பு எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஓர் அடி ஒயரை மாற்றினால் தீரும் பழுதுக்கு வீட்டையே கொத்துவதும் நடக்கிறது.

லைனின் மேல் பழி

வாரியத்தின் லைனைக் குறை சொல்வது எளிது. கொங்குப் பகுதியில் அதற்குக் காரணமும் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களும், சுற்றிலும் கிணற்று மோட்டார்களும், இடையிடையே வீடுகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பகிர்கின்றன. மும்முனையில் இரண்டு முனை மட்டும் வரும் நேரங்களில் கெப்பாசிட்டர் வைத்து மோட்டார் ஓட்டும் வழக்கமும் இருந்தது. அதனால் மின்னழுத்தம் சமனிழக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மாதங்களில், தொய்ந்த லைன்களை ஒன்றோடொன்று உரசவும் வைக்கிறது.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். மின்னழுத்தம் குறைந்தால் குண்டு பல்பு மங்கும், இழுப்பும் குறையும்; பீஸ் போகாது. மோட்டார்தான் குறைந்த அழுத்தத்தில் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். மறுபடியும் மோட்டாரின் அனுபவம் விளக்கின் மேல் ஏற்றப்படுகிறது. விளக்கைப் பொறுத்தவரை ஆபத்து அழுத்தம் ஏறுவதில் இருக்கிறது. அதன் கொடிய வடிவம் ‘நியூட்ரல் கட்’. போஸ்ட்டிலோ மீட்டருக்கு முன்னோ நியூட்ரல் அறுந்தால், இரு ஃபேஸ்களுக்கிடையே உள்ள 415 வோல்ட்டை வீடுகள் சமனின்றிப் பங்கிட்டுக்கொள்ளும். குறைந்த சுமையுள்ள வீட்டில் 300-ஐத் தாண்டலாம். பல்புகள் வரிசையாக வெடிக்கும், டிரைவர்கள் ஷார்ட் ஆகும், பீஸும் போகும்.

இந்த விடையைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: பக்கத்து வீட்டிலும் நடந்ததா? அதே தெருவில், அதே ஃபேஸில், ஒரே நேரத்தில் நடந்தால் லைன். ஒரு வீட்டின் ஒரு விளக்கு மட்டும் வாரந்தோறும் பீஸைப் போக்கினால், லைன் அந்த விளக்கைத் தேடிப் பிடித்துத் தண்டிக்க வழியில்லை. லைனின் ஏற்ற இறக்கம் பலவீனமான இணைப்பை முந்திச் சாகடிக்கலாம் என்ற மிதமான கூற்று வேறு, அது ஏற்கத்தக்கது.

எப்போது போகிறது?

நான்கு கட்சியும் கேட்பது ‘எது போயிற்று?’ என்பதை. ‘எப்போது போயிற்று?’ என்பது கூடுதல் பலன் தரும் கேள்வி என்று தோன்றுகிறது. சுவிட்ச் அணைந்திருக்கும்போதே போகிறதென்றால் பழுது சுவிட்சுக்கு முன்னால். தட்டியதும் போகிறதென்றால் சுவிட்சுக்கும் ஹோல்டருக்கும் நடுவிலோ விளக்கிலோ. பல்பைக் கழற்றிவிட்டுத் தட்டினாலும் போனால் விளக்கு தப்பியது. அரை மணி நேரம் எரிந்த பின் போனால் சூடு; மழை பெய்த மறுநாள் போனால் ஈரம். மாடிப்படியின் இரு சுவிட்சுகளும் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது மட்டும் போனால் இணைப்பு.

போன கம்பியும் சாட்சி சொல்லும். நடுவில் மட்டும் அறுந்து, கட்டை சுத்தமாக இருந்தால் மெதுவான மிகைச்சுமையோ வயதான கம்பியோ. பீங்கான் முழுக்கக் கருத்து, செம்புத் துளிகள் தெறித்திருந்தால் ஷார்ட். புதுக் கம்பி கட்டும் அவசரத்தில் முதலில் துடைத்தெறியப்படுவது இந்தச் சாட்சியம்தான்.

தேடுவதற்கான நல்ல கருவியைத் தந்ததும் அதே வைண்டிங் பட்டறைகள்தாம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பீஸ் கம்பிக்குப் பதிலாக 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைப்பது சீரிஸ் லேம்ப் சோதனை. எங்கே ஷார்ட் இருந்தாலும் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஓடும் மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டாது. ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து, எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறது என்று பார்த்தால் பழுதின் இடம் தெரிந்துவிடும். பத்துக் கம்பியை எரித்துப் பார்ப்பதற்கு இது மேல். ஆனால் உயிருள்ள மின்சாரத்தோடு செய்யும் வேலை. உரிமம் பெற்ற ஒயர்மேனின் கைக்கே உரியது.

ஒயர் உறையின் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் சோதனையோ மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்வது. 50-ஐப் பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மெக்ஓம் அளவுக்காவது இன்சுலேஷன் இருக்க வேண்டும், முழு வீட்டுக்கும் ஒரு மெக்ஓமுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்பது இந்திய விதித்தொகுப்பு வகுத்த அளவுகோல். எண் தெளிவானது, பருவம் தெளிவற்றது. சித்திரையில் தேறும் ஒயர் ஐப்பசியில் தோற்கலாம். எல்.இ.டி. டிரைவரைக் கழற்றாமல் 500 வோல்ட் மெக்கரைச் சுற்றினால் டிரைவர் கெடலாம். அல்லது அதன் உள்ளுறுப்பே பழுதுபோலக் காட்டலாம்.

கட்டையிலிருந்து எம்.சி.பி.க்கு

ஜெர்மனியின் ஹூகோ ஸ்டோட்ஸ் 1924-இல் காப்புரிமை பெற்ற சிறு சர்க்யூட் பிரேக்கரின் வாரிசுகள் இன்று புது வீடுகளில் பீஸ் கட்டையை இல்லாமலாக்கிவிட்டன. இழை சேர்க்கும் பழக்கத்துக்கு எம்.சி.பி.யில் இடமில்லை, அது பெரிய நன்மை. ஆனால் கருகிய பீங்கான் தரும் சாட்சியமும் போயிற்று. 6 ஆம்பியர் ‘பி’ வகை 18 முதல் 30 ஆம்பியருக்குள் உடனே விழும். ‘சி’ வகை 30 முதல் 60 வரை பொறுக்கும். எல்.இ.டி. வரிசைக்காக ‘பி’யை எடுத்துவிட்டு ‘சி’ போடச் சொல்வது, சில வீடுகளில் சரியான தீர்வு. சில வீடுகளில் பழைய ‘இன்னொரு இழை’யின் புது அவதாரம்.

மின்கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறொன்றை: போன மின்சாரம் முழுதும் திரும்பி வந்ததா என்பதை. இதன் தேவை தோட்டத்து வீடுகளில் கூர்மையாகத் தெரியும். காய்ந்த, பாறை கலந்த நிலத்தில் எர்த் குழியின் மின்தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், விளக்கின் உலோக உடலில் ஃபேஸ் ஒட்டினாலும் ஓடுவது 4.6 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் பீஸ் அதைப் பழுதாகவே கருதாது. விளக்கின் உடல் உயிரோடு காத்திருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நொடியின் சிறு பகுதியில் அறுக்கும். ஆக, பீஸ் போகும் வீட்டை விட, போக வேண்டிய இடத்தில் போகாத வீடு கவலைக்குரியது.

தீராதவை

நான்கு விடைகளில் கூரைக்குள் தேடுவதே பெரும்பாலான நிலையான பழுதுகளுக்குப் பொருந்துகிறது. பல்பு ஒரு காலகட்டத்துக்கு, லைன் தெருவளவில் நடப்பவற்றுக்கு, தடித்த கம்பி மோட்டாருக்கு. இந்த அளவுக்குச் சொல்ல இயற்பியல் போதும். இதற்கு மேல் தரை நழுவுகிறது.

மாதம் ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் போகும் பீஸுக்கு நம்பகமான சோதனை இன்னும் இல்லை. சோதிக்கும் வேளையில் பழுது உறங்குகிறது. மின்பொறியைக் கண்டறிந்து அறுக்கும் சாதனங்கள் அமெரிக்க வீடுகளில் பழக்கத்துக்கு வந்துவிட்டன. கரி படிந்த ஹோல்டர், தளர்ந்த அலுமினிய இணைப்பு போன்றவற்றுக்கு அவை பொருத்தமான மருந்து என்று கருத இடமுண்டு. ஆனால் மலிவான எல்.இ.டி. டிரைவர்களும் மின்விசிறி ரெகுலேட்டர்களும் கிரைண்டர் மோட்டாரும் கலந்து இரைச்சல் எழுப்பும் நம் சர்க்யூட்டுகளில் அவை பொய் எச்சரிக்கை தராமல் இயங்குமா என்பது களத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மின்விபத்து நடந்தால் மின் ஆய்வுத்துறை விசாரிக்கும். பீஸ் போனதை யாரும் பதிவதில்லை. ஆகவே எந்த வயது ஒயரிங், எந்தக் கூரை, எந்த மாதம் என்ற பட்டியலுக்கு மூலமே இல்லாமல், ஒயர்மேன்களின் நினைவை நம்பித்தான் இந்த விவாதம் நடக்கிறது. அறுபது ஆண்டு பழைய ஓட்டு வீட்டின் மரக் கேசிங்கை முழுதாகப் பெயர்ப்பதா, பழுதான விளக்குக்கு மட்டும் புது ஒயர் இழுப்பதா என்று கேட்டால் இரண்டுக்கும் வாதம் உண்டு: முழுதாக மாற்றுவது செலவு, பாதியில் விடுவது உதிரும் ரப்பரை அசைத்துவிடுகிறது. அசைத்த ரப்பரில் அடுத்த பழுது எத்தனை நாளில் வரும் என்பதைச் சொல்ல மெக்கரிடம் எண் இல்லை.